வெள்ளிச் சுரங்கக் கதையைத் தமிழில் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை வீட்டுக்கார அம்மா சினியோராவின் வெள்ளிக் கரண்டிகளை மினுக்கிக்கொண்டிருந்தேன். ஈஸ்டருக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். மினுக்குகிற பசையின் மணம் ஏறினால் நீங்கள் தும்முவீர்களே, அந்தத் தும்மல் பக்கத்தில் கேட்டதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன். பிறகு என்மேலேயே எரிச்சல் வந்தது. நீங்கள் செத்து இரண்டு மாதமாகிறது. அதற்கு எவ்வளவோ முன்பே நான் உங்களோடு கதைப்பதை விட்டிருந்தேன்.

நான் இத்தாலிக்கு வந்த புதிதில், லிபெர்த்தாத் தெருவிலுள்ள இந்த வீட்டுக்கு என்னைக் கூட்டிவந்தவர் நீங்கள்தான். சினியோராவின் தகப்பனைப் பார்ப்பது உங்கள் வேலை. சமையலும் துப்புரவும் என்னுடையவை. கிழவர் சின்ன வயதில் அமெரிக்காவுக்குப் போய், அப்பலாச்சியன் மலைகளில் நிலக்கரி வெட்டி முதுகு வளைந்தவர். முதுமையில் இத்தாலியன் பாதி மறந்துபோய், அந்த மலை ஆங்கிலந்தான் அவர் வாயில் வந்தது. மகளுக்கு அது விளங்காது. பெய்ரூட்டில் வீட்டுவேலை செய்து ஆங்கிலம் பழகியிருந்த உங்களுக்கு விளங்கியது. வெள்ளிச் சாமானைக் கண்டால் போதும், அவர் கதையைத் தொடங்கிவிடுவார். நீங்கள் சியாகுல்லி மந்தரின் தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாக அவர் வாயில் கொடுத்தபடி எனக்குத் தமிழில் சொல்வீர்கள்.

அந்த மலைகளில் ஒரு வெள்ளிச் சுரங்கம் இருந்ததாம். மலையின் பூர்வகுடிகளுக்கு மட்டும் வழி தெரியும். தாங்கள் நம்பிய ஒரு கொல்லனை ஒருமுறை கண்ணைக் கட்டி அங்கே கூட்டிப்போனார்களாம். கட்டை அவிழ்த்தபோது சுவர் முழுவதும் வெள்ளி ஓடியிருந்ததாம். பல வருடங்கள் கழித்து அவன் தானாகத் தேடிப் போனபோது பார்வை போயிருந்தது. பாறை பாறையாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே மலையில் திரிந்து செத்தானாம். கிழவரும் அவருடைய கூட்டாளிகளும் கிழமை முழுவதும் கரி வெட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு அதைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை.

ஒருநாள் அவர் அதுவரை சொல்லாத ஒரு பகுதியைச் சொன்னார். அந்தச் சனங்களைப் படையினர் அவர்களுடைய நிலத்திலிருந்து துரத்தியபோது, போகுமுன் சுரங்கத்தின் வாயைக் கல்லால் அடைத்து மண்ணால் மூடிவிட்டுப் போனார்களாம், எப்படியும் திரும்பி வருவோம் என்று. வழி தெரிந்த கிழவர்கள் போகிற பாதையிலேயே செத்துப்போனார்கள். நீங்கள் அதைத் தமிழில் சொல்லி முடித்தபோது நான் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அன்று பின்னேரம் வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னாலிருந்த நம் அறைக்கு நடந்து போகும்போது, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தைவிட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அம்மா நகைகளை வீட்டில் புதைத்துவிட்டு வந்ததைச் சொன்னேன். கொழும்புக்கு வந்தபின் தொலைபேசியில் இடத்தை எனக்கு மட்டும் சொன்னார். தங்கச்சிக்குச் சொல்லாதே, அவசரப்பட்டு ஓடிவிடுவாள், பாதை சரியில்லை என்றார். அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டார். அதையும் சொன்னேன்.

நீங்கள் நடையை நிறுத்தி என் பக்கம் திரும்பினீர்கள்.

"உனக்கு ஒண்டு நடந்தால் என்ன செய்யிறது, பிள்ளை? அந்த மலைச் சனத்துக்கு நடந்ததுதானே நடக்கும். ஒராளுக்கு மட்டும் தெரிஞ்ச இடம் துலைஞ்ச இடந்தான்."

அந்த ஒரு பேச்சுக்காக நான் இடத்தைச் சொல்லிவிட்டேன். குசினிக்குப் பின்னால், ஆட்டுக்கல்லுக்குக் கீழே, பால்மாத் தகரப் பேணிக்குள்.

சுகமில்லாத உங்கள் தகப்பனைப் பார்க்க நீங்கள் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டபோது, நகைகளை எடுத்துக்கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுக்கும்படி நானேதான் கேட்டேன். எனக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி வரவில்லை, வெளியே போனால் திரும்ப முடியாது. என் தலையைத் தடவி, கவலைப்படாதே என்றீர்கள்.

திரும்பி வந்த அன்று எனக்குப் பனங்கட்டி கொண்டுவந்தீர்கள். கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, கல்லைப் புரட்டிக் கிண்டிப் பார்த்தும் ஒன்றும் இல்லை, யாரோ முந்திவிட்டார்கள், இல்லாவிட்டால் அம்மா இடத்தை மாறிச் சொல்லிவிட்டார் என்றீர்கள். கிழவர் சொல்கிற மாதிரித்தான், திரும்பிப் போகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்றும் சொன்னீர்கள். பயணத்தில் வீங்கியிருந்த உங்கள் கால்களுக்கு நான் எண்ணெய் தடவிவிட்டேன். உங்களை வீணாக அலைய வைத்துவிட்டேனே என்று மன்னிப்பும் கேட்டேன். பிறகு பல நாள், இடத்தைச் சரியாகச் சொல்லாமல் போய்விட்டாரே என்று செத்துப்போன அம்மாவை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தேன். அதைத்தான் என்னால் இன்றும் தாங்கமுடியவில்லை.

அடுத்த வருடம் கிழவர் இறந்தார். அந்தக் கோடையில் கொழும்பில் நடந்த உங்கள் மகளின் கல்யாண வீடியோ வந்தது. அறையில் நம்மவர்கள் எல்லோரும் கூடிப் பார்த்தோம். மணமேடையில் அவள் நிமிர்ந்தபோது கழுத்தில் ஓர் அட்டியல். சிவப்புக் கற்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பச்சை. விழுந்த கல்லுக்கு ஈடாகத் தட்டார் கையிலிருந்த பச்சையைப் பதித்துவிட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். நீங்கள் எழும்பி வீடியோவை நிப்பாட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பார்ப்போம் என்றீர்கள்.

குசினிக்குள் உங்கள் பின்னால் வந்தேன்.

"அக்கா, அது அம்மான்ரை அட்டியல்."

கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, "ஓம்" என்றீர்கள். "உன்ரை தங்கச்சிக்கு இன்னும் காலம் கிடக்கு. என்ரை பிள்ளைக்கு அப்ப நாள் குறிச்சிருந்தது."

"கேட்டிருந்தால் தந்திருப்பன்."

"தந்திருப்பாய். பிறகு உயிரோடை இருக்குமட்டும் நான் உனக்குக் குனிஞ்சு நிக்கவேணும். அது என்னாலை ஏலாது."

அடுத்த கிழமை நான் வேறு அறை பார்த்துப் போனேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. வியா மக்வேதாவில் எதிரே வந்தால் நீங்கள் கடைக் கண்ணாடியைப் பார்ப்பீர்கள், நான் தெருவின் மறுபக்கம் போவேன். அந்தக் கதையைப் பிறகு பலமுறை யோசித்தேன். நம்பிக் கூட்டிப்போன கொல்லன் பின்னர் களவாக வந்து அள்ளிக்கொண்டு போனான் என்று கிழவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனார்கள் என்பது மட்டும் இப்போது எனக்கு விளங்குகிறது.

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் கேட்டதாக ஒருத்தி வந்து சொன்னாள். நான் வரவில்லை. அதற்காக இன்று வருந்துவதாக எழுதினால் பொய்யாகிவிடும்.

தங்கச்சி போன ஆவணியில் கல்யாணம் முடித்தாள். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலிதான். நான் அப்போது சொன்னபடி, அம்மா இடத்தை மறந்துவிட்டார் என்றே அவள் இன்னும் நம்புகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தாள். நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறாள். நமக்குள் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நீங்கள் வெளிநாடு போகும்போது அவளுக்கு ஆறு வயது. "அன்ரி, அம்மா அங்கை எப்பிடி இருந்தவா எண்டு எனக்கு ஒண்டுமே தெரியாது. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும் எண்டு சொல்லுறவா" என்றாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அட்டியல் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "சொல்லுங்கோ அன்ரி" என்றாள்.

உங்கள் தும்மலைச் சொன்னேன். கிழவர் சாப்பிட மறுத்தால் நீங்கள் அவருக்குச் செய்கிற கூத்துகளைச் சொன்னேன். குளிர்காலத்தில் உங்கள் கம்பளியை எனக்குப் போர்த்திவிட்டு, குளிரவில்லை என்று பொய் சொல்லிப் படுத்ததைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து அழுதாள். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

தொலைபேசியை வைத்தபிறகு எனக்கும் அழுகை வந்தது. வந்திருக்கக்கூடாது. உங்களுக்காக அழவேண்டி வந்ததையும் சேர்த்தே, அக்கா, நான் உங்களை மன்னிக்கவில்லை.