மேம்பாலத்தில் கற்ற இறக்கம்

என் அருமை செபாஸ்டின் மச்சானுக்கு,

கொல்லிமலையின் இருபத்து மூன்றாம் வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது அல்ல, வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தபோது. ஐம்பதைத் தாண்டியவன், ஊரெல்லாம் வாய்ச்சவடால் அடிக்கிறவன், "மாதாவே" என்று ஒரு நொடி இருட்டில் போனேன். உங்கள் மனைவிக்கு, அதாவது என் அக்காவுக்கு, இது தெரியாது. தெரிந்தால் பங்குக் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும்.

பைக்கில் டீத்தூள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாராவாரம் அந்த மலையில் ஏறி இறங்கியவர் நீங்கள். எழுபது வளைவும் உங்களை ஒன்றும் செய்யவில்லை. கட்டிலில் படுத்திருந்தபோது வந்த காய்ச்சல்தான் கொண்டுபோனது. ஆனால் அக்கா பயப்படுவது என்னவோ மலைக்குத்தான்.

உங்கள் மகள் ஷைனி சொந்தச் சம்பளத்தில் பைக் வாங்கிவிட்டாள். சாமியார் மந்திரித்துத் தெளித்த தீர்த்தம் காய்வதற்குள் கொல்லிமலைக்குப் போகிறேன் என்று நின்றாள்.

"தம்பி, நீயும் கூடப் போடா. இருக்கிறது ஒரு புள்ள" என்றாள் அக்கா.

"நான் போனா மட்டும் மலை படுத்துக்குமா?"

"மாமா பின்னாடியே வரட்டும்மா" என்றாள் ஷைனி. "முன்னாடி விட்டா சாயங்காலமானாலும் அடிவாரத்தத் தாண்ட மாட்டாரு."

ஏறும்போது பயம் கொஞ்சம்தான். புதிதாக வண்டி எடுத்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் பள்ளத்துக்கே போகப் பார்க்கிறது. வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் அங்கே போகிறது. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். மேலிருந்து பஸ் திரும்பினால் ரோடு முழுக்க அதற்குத்தான். ஓரமாக நின்று வழிவிட்டால் மானம் போய்விடாது. நான் நின்றேன். குரங்குகள் மட்டும்தான் பார்த்தன.

இறங்கும்போதுதான் வினை வந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஷைனியின் வண்டிச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. சத்தமில்லாமல் உருண்டு போகிறது. சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்திருக்கிறாள். பிரேக் பிடிக்கிறாளா என்றுகூடத் தெரியவில்லை, பின்விளக்கும் எரியவில்லை. கத்தினேன். காற்று என் குரலை என் வாயிலேயே திருப்பித் திணித்தது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பிரேக் கருகும் நாற்றம் வந்தது, முடியைத் தீயில் காட்டினாற்போல.

அடுத்தது அந்த இருபத்து மூன்றாம் வளைவு, கீழிருந்து ஒரு பஸ் திரும்பியது. அவள் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்த வண்டியில் ஹாரன் எப்படி அடிக்கும்? நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் வண்டி வளைவை விட்டு விலகிப் போய், பஸ்ஸுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் நின்றது. ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றாள் மச்சான். சுவர் அவள் முழங்கால் உயரம்கூட இல்லை.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏஞ்சாமி, ஹாரன் அடிக்கக் கூடாதா?"

"வண்டி ஆஃப்ல இருந்துச்சுங்க."

"எறக்கத்துல ஆஃப் பண்ணச் சொல்லி எந்த மகராசன் சொல்லிக் குடுத்தான்?"

"பொண்ணு நடுங்குதுங்க, திட்டாதீங்க" என்றார் ஜன்னலோரத்து அம்மா ஒருவர்.

"நடுங்கட்டுங்க. நடுங்கினாத்தான் ஊடு போய்ச் சேரும்."

பஸ் போன பிறகு நானும் அதே கேள்வியைக் கேட்டேன். "யாரு புள்ள சொன்னது?"

"அப்பா அப்படித்தான மாமா செய்வாரு. நம்மூரு மேம்பாலத்துல."

ஆமாம் மச்சான். மேம்பாலத்தின் உச்சி வந்ததும் சாவியைத் திருப்புவீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று சிரித்துக்கொண்டே சிக்னல் வரை உருண்டு போவீர்கள். டேங்கின் மேல் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டே வந்தவள் அவள். மலையில் நீங்கள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. ஏறின கியரிலேயே, இன்ஜின் உறும, பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்குவீர்கள். பின்சீட்டில் இருந்த எனக்கு அது தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? ஏன் மச்சான் அவளை ஒரு தடவைகூட மலைக்குக் கூட்டிப் போகவில்லை? உங்களுக்கும் பயமா?

பிரேக் ஆறும்வரை சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

"ரெண்டாவது கியர்ல போட்டு இறங்கு. அப்பா மாதிரி."

"அப்பா மாதிரியா?"

"மலையில அப்பா மாதிரி."

அவள் வண்டியைக் கிளப்பினாள். அடிவாரம் வரை அந்த உறுமல் ஓயவில்லை. அதைவிட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் தெருமுனையில் அவள் வண்டிச் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. அடுத்த மாதம் ஏற்காடு என்கிறாள். தூக்கத்தில் அவள் வண்டி சத்தமில்லாமல் உருள்கிறது, நான் விழித்துக்கொள்கிறேன். இருந்தாலும் போவேன். அவள் இன்ஜின் என் காதில் விழும் தூரத்திலேயே, ஹாரனில் விரலை வைத்துக்கொண்டு, பின்னாலேயே போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்மாமன்,
உங்கள் ஒரே மைத்துனன்
அமல்ராஜ்

கியரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். நான் ஓட்டிப் போனது அக்காவின் ஸ்கூட்டர். அதற்குக் கியரே கிடையாது.