இரண்டு வீட்டு வெனிலா

முசியே,

இன்று காலை பின்பக்கத்திலிருந்து சங்கரா மீன் கழுவிய தண்ணீரின் வாடை வந்தது. கையிலிருந்த கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். என் மனைவி பாத்திரத்தோடு கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். வெனிலாக் கொடியின் பக்கம்கூடத் திரும்பவில்லை. மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்து, "உங்க முசியே மாதிரி நானும் ஊத்திடுவேன்னு நெனச்சீங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் நீங்கள் இல்லையே என்று இருந்தது.

பிரெஞ்சு பென்ஷனை வாங்கிக்கொண்டு, ஊரார் 'முசியே' என்று மரியாதையாகக் கூப்பிட, முதலியார்பேட்டையில் நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். கால்சட்டை தைக்க என் கடைக்கு வந்தவர், அளவு கொடுப்பதற்கு முன்பே என் வீட்டில் மண் தரை இருக்கிறதா என்று விசாரித்தீர்கள். அதிலிருந்து எந்தப் புதுச் செடி வந்தாலும் ஒன்று உங்கள் வீட்டுக்கு, இன்னொன்று ஸ்கூட்டரில் ஏறி மூலக்குளத்தில் என் வீட்டுக்கு. "ரெண்டு வீட்ல வச்சா ஒண்ணாவது பொழைக்கும் பாய்" என்பீர்கள். லாவண்டர் இரண்டு வீட்டிலும் கத்திரி வெயிலில் கருகியது. மொட்டை வேகவைத்துத் தின்னலாம் என்று ஆசை காட்டிய ஆர்த்திஷோ செடி மொட்டே வைக்காமல், கடைசியில் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போனது. நீங்கள் வருந்தியதே இல்லை. தொட்டியைக் கவிழ்த்து மண்ணை உதறிவிட்டு அடுத்த செடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவீர்கள். உங்களோடு சேர்ந்து தோற்பதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

வெனிலா மட்டும் வேறு. நீங்கள் வேலை பார்த்த ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவிலிருந்து வந்த கொடி. பூக்கவே சில வருஷம் ஆகும், பூ ஒரே ஒரு காலைதான் விரியும், அதைக் காயாக்கும் பூச்சி நம் ஊரில் இல்லாததால் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும் என்றீர்கள். அத்தனையும் தெரிந்தவர், ஊட்டம் வேண்டுமென்று உங்கள் வீட்டுக் கொடிக்கு மீன் தண்ணீரை ஊற்றினீர்கள். ஊரில் எல்லாரும் ரோஜாவுக்கு ஊற்றுவதுதான். ஆனால் ரோஜாவுக்கு முள் இருக்கிறது. தெருப் பூனைகள் எல்லாம் கூடித் தொட்டியைப் பறித்து, கொடியை வேரோடு இழுத்துக் குதறிவிட்டன. அன்று நீங்கள் தொட்டியைக் கவிழ்க்கவில்லை. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் மிச்சமிருந்த என் வீட்டுக் கொடியைத்தான் விசாரித்தீர்கள். நன்றாக இருக்கிறது என்றதும், படுத்தபடியே கட்டைவிரலை ஆட்டிக் காட்டினீர்கள்.

"பூவுக்கு உள்ள ஒரு சின்ன மடல் இருக்கும். ஈர்க்குச்சியால அதைத் தூக்கி, மகரந்தத்த அமுக்கி விடுங்க. மத்தியானம் ஆயிட்டா போச்சு. உங்களுது தையல் கை பாய், நடுங்காது."

பூவைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

அந்தக் கை இப்போது நடுங்குகிறது முசியே. இந்த வருஷம் மொட்டைக் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே கொடி. இதுவும் காய்க்காமல் போனால் உங்களை இன்னொரு முறை அடக்கம் செய்ததுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். முதல் பூ மறுநாளே உதிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பூ விரிந்த காலையில் என் மனைவி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பூ வாடியது, ஆனால் விழவில்லை. விழாமல் ஒட்டியிருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம் என நீங்கள்தான் சொல்லியிருந்தீர்கள். நம்பிக்கையில்லாமல் தினமும் போய்ப் பார்த்தேன். இப்போது முருங்கைப் பிஞ்சு மாதிரி பச்சையாகத் தொங்குகிறது. அப்பாடா என்று இருக்கிறது. சோறும் இறங்குகிறது.

அந்த ஈர்க்குச்சியை ஊசி டப்பாவில் வைத்திருக்கிறேன். போன வாரம் கொடியில் ஒரு துண்டு வெட்டி, ஈரத்துணியில் சுற்றி முதலியார்பேட்டைக்கு எடுத்துப்போனேன். உங்கள் மனைவி அந்தப் பழைய தொட்டியையே கொண்டுவந்து வைத்தார். நட்டு முடித்ததும் உள்ளே போய், ஒரு சுருள் கம்பிவலையோடு வந்தார். இருவருமாகத் தொட்டியைச் சுற்றிக் கட்டினோம்.

இனி ஒரு வீட்டில் போனாலும் பரவாயில்லை, முசியே. இன்னொரு வீட்டில் இருக்கிறது.