உன் அம்மா பத்திரப்படுத்திய கொடி

இன்று காம்பஸைத் தேடி ஜாமெட்ரி பெட்டியைத் திறந்தேன். உன் வெள்ளித் தாயத்துதான் முதலில் உருண்டு வந்தது. கறுத்துப்போயிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் உங்கள் வீட்டு பீரோவின் அந்துருண்டை வாசனை இன்னும் அடிக்கிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. "ஆண்டவர் கூட்டிக்கினாரு" என்று மாதா கோயிலில் சொல்கிறார்கள். தெருவில் தலையெழுத்து என்கிறார்கள். நான் தலையாட்டுவதில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். உயிரணுக்கள் போதவில்லை.

டாக்டர் அதைச் சொன்ன அன்று, உன் சிநேகிதி என்று நானும் சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். உன் எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்தியிருந்தது. வீட்டில் யாருடைய மஜ்ஜையும் உனக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிற தொப்புள்கொடி இரத்தம் சேமிப்பு வங்கியில் ஒரே ஒரு பை இருக்கிறது, ஆனால் அதிலுள்ள அணுக்கள் கைக்குழந்தைக்குத்தான் போதும், பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் போதாது என்றார் டாக்டர்.

"அப்போ நான் வெயிட்ட கொறச்சிக்கட்டா சார்?" என்று கேட்டாய். டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உன் அம்மா சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, நீ குழந்தையாக இருந்தபோது இடுப்பில் கட்டியிருந்த இந்தத் தாயத்தை மேசைமேல் வைத்தார்கள். "சார், இதுல இவளோட கொடி இருக்குதுங்க. காயவச்சி பத்திரமா வச்சினுகிறேன். இத போட்டுப் பாருங்க சார்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். நீ விடவில்லை.

"சிரிக்காதீங்க சிஸ்டர். எங்கம்மா வச்சது சரியான சாமான்தான்."

காய்ந்ததில் உயிருள்ள அணு இருக்காது, பிறந்த உடனே இரத்தத்தை எடுத்து உறையவைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உன் அம்மாவின் மனதில் அது மட்டும் தங்கிவிட்டது. "நான்தான் காயப்போட்டு கெடுத்துட்டேன்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த முறை உன்னைப் பார்க்க வந்தபோது, நூலகத்தில் எழுதி எடுத்துவந்த குறிப்பை உன் கட்டிலருகே வாசித்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளுக்குத் தொப்புள்கொடி அணுக்களைச் செலுத்துகிறார்கள். செலுத்தும் முன் அணுக்களை ஒரு மருந்தில் ஊறவைத்தால், குறைந்த அணுக்களே மஜ்ஜையைத் தேடிப்போய்த் தங்குகின்றன.

"எனக்கு முன்னாடி எலிக்காடி? சரி போ, ரேஷன் கடை வரிசை மாதிரி. அது முன்னாடி நிக்குது, நான் பின்னாடி நிக்கிறேன்." பிறகு கேட்டாய்: "அப்பறம் அந்த எலிய என்னா பண்ணுவாங்க?"

கொன்று எலும்பை எடுத்துப் பார்ப்பார்கள் என்றேன். நீ என் குறிப்புத் தாளை விரலால் தட்டினாய். "அதயும் எழுதிக்கோ. மறைக்காத."

மறைக்கவில்லை. போன வாரம் விழுப்புரத்தில் நடந்த அறிவியல் கண்காட்சியில் என் சார்ட்டில் அந்த வரியும் இருந்தது. சார்ட்டின் முன்னால் மேசையோரமாக இந்தத் தாயத்தை வைத்தேன். "எங்கயாவது போட்டுடும்மா, பாக்க முடியல" என்று உன் அம்மா கொடுத்தது. அவர்களையும் வற்புறுத்தி அழைத்துப் போயிருந்தேன்.

"சயின்ஸ் எக்ஸிபிஷன்ல தாயத்தா? எடும்மா அத" என்றார் நடுவர்.

"ஜல்தி எடுத்து உள்ள வைடி" என்று மிஸ் பின்னாலிருந்து கிள்ளினார்.

"எடுக்க மாட்டேன் சார். இத வச்சவங்க சரியான சாமானத்தான் வச்சாங்க. அன்னிக்கு உறையவைக்க எங்க ஊர்ல வழியே இல்ல. அவங்க மேல தப்பு இல்ல."

"எல்லாம் எலிக்குத்தானே பலிச்சிருக்கு?"

"ஆமா சார். எலி வரிசையில முன்னாடி நிக்குது. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

பரிசு மழைநீர் சேகரிப்புக்குப் போனது. போகட்டும். நடுவர் நகர்ந்ததும் உன் அம்மா மேசையருகே வந்தார்கள். ஓரமாக இருந்த தாயத்தை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் வைத்தார்கள். மாலையில் கிளம்பும்போது என் பெட்டிக்குள் அவர்களே போட்டு மூடினார்கள்.

பதினோராம் வகுப்பில் உயிரியல்தான் எடுக்கப்போகிறேன். பெட்டியும் கூடவே வரும். உனக்குப் பின்னாலும் அந்த வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்கள். அது தானாக நகரும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை.