ஒரு சிட்டிகை உப்பும் மூன்று தட்டுகளும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம், அதில் உன் அப்பா மட்டும் எட்டு நாளாகச் சத்தமில்லாத சுகம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு மேலே போகிறேன். முக்கியமான சேதியை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதுதான் என் பத்திரிகைத் தொழில், ஆனால் இந்த ஒரு தடவை நடந்த வரிசையில் சொல்கிறேன், கடைசிப் பத்திக்குத் தாவாதே.

போன புதன்கிழமை அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. பஸ் நிலையத்தில் மைக் பிடித்து நாள் பூரா வண்டி நேரம் சொல்கிற மனிதருக்குக் குரல் போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள். வீட்டில் அழுதது அவர், சிரித்தது உன் தங்கை. எலுமிச்சைச் சாறு தொண்டைவலிக் கிருமியைக் கொல்லுமா என்பதுதான் அவளுடைய கடைசி வருஷ ஆராய்ச்சி, கிருமி வீட்டுக்கே வந்துவிட்டதே. டாக்டரிடம் போவதற்கு முன்னால் அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் துடைத்துக் கல்லூரிக்குக் கொண்டு போய்விட்டாள். அங்கே கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி அதில் கிருமியை வளர்ப்பார்கள். சாற்றில் நனைத்த ஒரு சின்ன வட்டத் தாளை அதன்மேல் வைத்து ஒரு நாள் கதகதப்பில் விட்டால், கிருமி செத்த இடம் தாளைச் சுற்றித் தெளிவாக வளையம் போட்டுத் தெரியும். அந்தத் தாள்கள் என் மேஜையில் இருக்கிற பஞ்சிங் மெஷினில் குத்தியவை, நான்தான் குத்திக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை அவளுக்கு நேரமாகிவிட்டது, நான் பிழிந்து தருகிறேன், நீ தலையை வாரு என்றேன். ஆறு பழம், விதை எடுத்து, இரண்டு முறை வடிகட்டி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தேன். செவ்வாய் மதியம் அவளிடமிருந்து போன். வளையம் விழுந்திருக்கிறதாம், ஸ்கேல் வைத்து அளந்ததில் பதினைந்து மில்லிமீட்டராம். நான் அலுவலகத்தில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொன்னேன், பிழை திருத்துபவர் எனக்கே பிரசவமான மாதிரி கைகொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா ஃபிரிட்ஜில் இருந்த மிச்சச் சாற்றில் தண்ணீர் விட்டுக் குடித்தார். குடித்துவிட்டு, பேச முடியாததால் கையோடு வைத்திருக்கிற துண்டுச் சீட்டில் எழுதி என் முன்னால் வைத்தார்: உப்பு கொஞ்சம் தூக்கல்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், போட்டது எனக்கு நினைவே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக எலுமிச்சை பிழிந்தால் கை தானாக உப்பு ஜாடிக்குப் போகும், அன்றைக்கும் போயிருக்கிறது. சின்னவள் அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தாள். கிருமி செத்தது எலுமிச்சையாலா உப்பாலா என்று இப்போது யாருக்குத் தெரியும், வியாழன் பதினோரு மணிக்கு வாய்மொழித் தேர்வு, தேறாவிட்டால் ஒரு வருஷம் போச்சு என்றாள். நான் செய்த அடுத்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு சிட்டிகைதானேடி, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, நீ இப்படி ஒரு செய்தியை விடுவியாம்மா என்று கேட்டாள். அப்பா உடனே சீட்டு எழுதினார்: மாட்டிக்கிட்டியா.

புதன் காலையில் அவளே பேராசிரியையிடம் போய், எங்கம்மா உப்புப் போட்டுட்டாங்க மேடம் என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, மூன்று தட்டு வை, ஒன்றில் வெறும் எலுமிச்சை, ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர், நாளைக்கு என்ன வருகிறதோ அதை எழுது, வளையம் வராவிட்டால் வரவில்லை என்று எழுது என்றாராம். உடனே வீட்டுக்கு ஓடி வந்து அவளே பிழிந்து எடுத்துப் போனாள். நான் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு, அப்பா காவல்.

வியாழன் பத்தே காலுக்குப் போன் வந்தது. உப்புத் தட்டில் கிருமி ஜோராக வளர்ந்திருக்கிறது, தண்ணீர்த் தட்டிலும் அப்படியே. எலுமிச்சைத் தட்டில் மட்டும் வளையம், பதினான்கரை மில்லிமீட்டர். பதினோரு மணித் தேர்வில் தேர்வாளர் ஒரு பெரியவர், அப்படியானால் தொண்டைவலிக்கு எலுமிச்சை போதுமா என்று மடக்கினாராம். இவள், தட்டில் சாறு ஒரு நாள் பூரா கிருமியோடு இருக்கிறது சார், தொண்டையில் ஒரு மடக்கில் இறங்கிவிடுகிறது, அதுவும் கொல்வது புளிப்பா வேறு ஏதாவதா என்று நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் போதும் என்று சொல்லமாட்டேன் என்றாளாம். தேறிவிட்டாள், வகுப்பிலேயே முதல் மதிப்பெண். மூன்று தட்டு வைத்துச் சரிபார்த்தவள் நீ ஒருத்திதான் என்று பெரியவர் சொன்னாராம். அச்சடித்த அறிக்கையின் நன்றிப் பக்கத்தில், கிருமி தந்த அப்பாவுக்கும், உப்புப் போட்டு என்னை மறுபடி சரிபார்க்க வைத்த அம்மாவுக்கும் என்று போட்டிருக்கிறாள். என் பெயர் எத்தனையோ ஆயிரம் செய்திக்குமேல் வந்திருக்கிறது, இப்படித் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, கிருமிக்குத்தான் முதல் இடம் என்று சீட்டு நீட்டுகிறார்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் குரல் கம்மியிருந்தது. எலுமிச்சை குடிக்கிறேன் என்று எனக்குச் சொல்லாதே, டாக்டரைப் பார், அவர் எத்தனை நாளைக்கு மாத்திரை கொடுக்கிறாரோ அத்தனை நாளும் விழுங்கு. தங்கைக்கு இன்றைக்கே போன் செய்து வாழ்த்துச் சொல், முதலில் என்னைக் கேலி செய், அவள் அதற்காகத்தான் காத்திருக்கிறாள்.

உப்புத் தட்டுக்குக் காரணமான,
உன் அம்மா