நாடா வெட்டாத பம்ப்

மார்ச் 12, 2023
நேற்று மார்க்கம் நகர மண்டபத்தில், ஊரைவிட்டு இங்கே குடியேறிய எங்களின் ஊர்ச் சங்க இராப்போசனம். ஊரிலுள்ள தீயணைப்புத் தொண்டர் குழுவுக்குத் தண்ணீர் பம்ப் வாங்கத்தான் இத்தனை கூத்து. சேர்ந்தது 18,400 டொலர். மண்டபம், சாப்பாடு, பாட்டு, பொன்னாடை போக மிச்சம் 2,150. பொன்னாடை மட்டும் நாற்பத்தொன்று! பொருளாளர் நான், கையெழுத்தும் நான்தான் வைத்தேன்.

மார்ச் 10, 2024
இம்முறை மிச்சம் 1,900. வெட்கக்கேடு.

மே 20, 2025
மூன்று வருட மிச்சத்தில் ஒருவழியாகப் பம்ப் ஊர் போய்ச் சேர்ந்தது. குழுவை நடத்தும் பஸ்ரியன் ஃபோனில் சிரித்தான். "இனி வாளியோட ஓடத் தேவையில்லை, ஜூலியன் அண்ணை."

எங்கள் தலைவர் அலெக்ஸாண்டர் விடவில்லை. "ஓகஸ்ட் கோயில் திருநாளுக்கு நான் ஊருக்குப் போய் நாடா வெட்டிக் குடுக்கிறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது." பம்பைக் கோயில் அறையில் பூட்டி, பூட்டின் திறப்பை ஊருக்குப் போய்வந்த மைத்துனர் கையில் இங்கே எடுப்பித்துவிட்டார். தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டுமாம்!

நான் அவரை மறுத்துப் பேசவில்லை. எனக்கும் விமான ரிக்கெற் போட்டாயிற்று. படத்தில் நிற்கிற ஆசை, வேறென்ன?

யூலை 6
ஊரில் கிளடிஸ் அக்காவின் ஓலை வீடு எரிந்துவிட்டது. பஸ்ரியனும் பொடியளும் வாளியோடுதான் ஓடியிருக்கிறார்கள். பூட்டை உடைத்துப் பம்பை வெளியே இழுக்கிறதுக்குள் வீட்டுக் கூரை விழுந்துவிட்டது. பம்பில் பெற்றோல்கூட இல்லை. அக்கா தப்பிவிட்டா. அவவுக்குச் சோறு போடுகிற தையல் மெசின் போய்விட்டது.

யூலை 7
அலெக்ஸாண்டரின் முதல் கேள்வி: "பூட்டை உடைக்க ஆர் சொன்னது?"

தூ! உவனெல்லாம் ஒரு மனிசனே? — நான் மட்டும் என்ன திறம்? 'திருநாள் வரைக்கும் பொறு' என்று பஸ்ரியனுக்குச் சொன்னது ஆர்? நான்தானே.

யூலை 13
சங்கக் கூட்டம். எரிந்த வீட்டுப் படத்தை நோட்டீசில் போட்டால் அடுத்த இராப்போசனத்துக்கு ரிக்கெற் நல்லாய்ப் போகும் என்றார் அலெக்ஸாண்டர். கை தட்டினார்கள். பொருளாளர் பதவி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

யூலை 20
பஸ்ரியனுக்கு ஃபோன் எடுத்தேன். கிளடிஸ் அக்காவுக்கு மெசின் வாங்க என் சொந்தக் காசை அனுப்புகிறேன் என்றேன்.

"அனுப்புங்கோ அண்ணை, அவவுக்குத் தேவை. ஆனா திருநாளுக்கு அங்கயிருந்து ஒருத்தரும் வரவேண்டாமெண்டு பொடியள் சொல்லுறாங்கள்."

"நானுமோ?"

"ஓம் அண்ணை."

காசை அனுப்பினேன். பயணப் பெட்டியில் அடுக்கியிருந்த உடுப்புகளை மனைவி செலீன் எடுத்து அலுமாரியில் வைத்தாள்.