செவ்வாய், பத்து மணிக்கு முந்தி

றபீக்காவின் வாப்பாவுக்கு,

நீங்கள் சுபஹு தொழுது பள்ளியால் வருமுன் புறப்படுகிறேன், கண்டால் மறிப்பீர்கள். தேத்தண்ணி போத்தலில் இருக்கிறது. மீன் ஆணத்தைச் சூடாக்குங்கள். பிள்ளைகள் படுக்கிறார்கள், இன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டாம்.

"சாரி விக்கிற வீடுகளுக்கு மட்டும் மணிப்படி ஓடுறாய், எங்களுக்கு நேரமில்ல" என்று இரவு ஏசினீர்கள். அதனால் கிழமை முழுவதற்கும் நேரசூசி எழுதி அலுமாரியில் ஒட்டியிருக்கிறேன்.

எழுதும்போதுதான் கவனித்தேன். செவ்வாய் ஆலையடிவேம்புத் தமிழ் வீடுகள். நேசம்மாக்காவுக்கு எப்போதும் பின்னேரம்தான் வசதி. பாலம்மா, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகுதான் சாரி பார்ப்பார். இந்த முறை ஐந்து வீட்டாரும் தனித்தனியாகப் பத்து மணிக்கு முந்தி வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாண் ரொட்டி விற்கிறவரிடம் நேசம்மாக்கா சொல்லி அனுப்பியது இது: "தங்கச்சி வெள்ளன வரட்டும். பத்து மணிக்குப் பிறகு எங்கட தெருவில நிக்க வேணாம் எண்டு சொல்லுங்க."

ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போகாமல் இருக்க ஏலாது. நாளை மறுநாள் நேசம்மாக்காவின் மகளுக்குக் கல்யாணம், கூறைச் சாரி என்னிடம் கிடக்கிறது.

இதைச் சந்தியில் கதைக்க வேண்டாம். கதைத்தால் பத்துக்கு நடக்க இருப்பது எட்டுக்கே நடந்துவிடும்.

பத்துக்கு நான் வராவிட்டால் பிள்ளைகளோடு பாலமுனைக்கு, உம்மா வீட்டுக்குப் போங்கள். என்னைத் தேடி வரக்கூடாது.

சுலைகா

வீட்டைப் பூட்டும் திறப்பு அரிசிப் பானைக்குள்.

இன்னுமொன்று. நேரசூசியில் செவ்வாய் பத்துக்குப் பிறகு வெறுமையாக இருக்கும். அந்த நேரத்துக்கு உங்கள் பெயரைத்தான் எழுத நினைத்தேன். வந்த பிறகு எழுதுகிறேன்.