அறுபத்தேழு கூட்டங்கள்

மணமேல்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அன்புச்செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கத்தான் வாய் கூசுகிறது. ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

உன் வேலையை நிரந்தரமாக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றாயே, அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவள்தான் உன் அம்மா, சரியாகச் சாப்பிடுவதில்லை. "ஒங்க மனுவத் தூக்கிக் கடல்ல போடுங்க" என்றாள். அவள் சொல்வது நியாயம்தான். முப்பது வருடம் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். கையெழுத்து நிறைய விழுந்தால் காரியம் நடக்கும், எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் ஆராய்ச்சி நிலையத்துக்கே மனுப் போட்டேன். கடல் பசுவைப் பற்றியும் அது மேய்கிற கடல்புல்லைப் பற்றியும் மூன்று வருடமாக நம் கரையில் நீ பேசிய அறுபத்தேழு கூட்டங்களையும் தேதி, இடம், வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒன்று விடாமல் வரிசையாக எழுதி, இருநூறு பேரிடம் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, பிளெஸ்ஸி டீச்சரை ஆங்கிலத்தில் டைப் அடிக்கச் சொல்லி அனுப்பினேன். பெருமைதான், வேறென்ன. இத்தனை நாள் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி எப்போது செய்தாய், கட்டுரை ஏன் குறைந்தது என்று அதை வைத்தே உன்னை மடக்குவார்கள் என்று இந்தப் பாவிக்கு எப்படியம்மா தெரியும்? "நீங்க எழுதுனத அப்படியே வாசிச்சுக் காட்டுனாங்கப்பா" என்று அழாமல் சொன்னாயே, நீ அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜனங்களிடம் பேசுவது வேலையில் சேராது என்றால் அந்தப் படிப்பு யாருக்காம்? சரி விடு, கேட்டு என்ன ஆகப்போகிறது.

செவ்வாய்க்கிழமை மரியசெல்வம் வந்தான். அவன் வலையில் ஒரு கடல் பசு சிக்கியதாம், கூடவே குட்டி. வலையை அறுத்து இரண்டையும் விட்டுவிட்டான். "பாப்பா சொன்ன மாதிரியே மூச்சு வாங்க மேல வந்துச்சுண்ணே. அடுத்த கூட்டம் எப்பன்னு கேளுங்க, நான் எந்திரிச்சுச் சொல்லணும்" என்றான். மாசம் பிறக்கட்டும் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவன் போனதும் பழக்கதோஷத்தில் மனுவின் நகலை எடுத்து, இதையும் சேர்க்கலாமே என்று பேனாவைத் திறந்தேன். யாருக்கு அனுப்புவது?

நம் குலசாமி உன்னைக் கைவிடாது. நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து யோசிக்காதே. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். பேசவெல்லாம் வேண்டாம், போனை மட்டும் எடு தாயி. நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும், உன் அம்மா எழுந்து சாப்பிடுவாள்.

இப்படிக்கு,
இனி யாருக்கும் மனு எழுதாத உன் அப்பா
பெரியகருப்பன்